மாணவர்கள் நோயை எப்படி யோசித்துக் கண்டுபிடிக்கிறார்கள்? உங்கள் துறையிலேயே ஓர் ஆய்வைச் செய்து முடிக்க முழு வழிகாட்டி

ஐப்பசி, கார்த்திகையில் தமிழ்நாட்டின் எந்த மெடிசின் வார்டுக்குள் நுழைந்தாலும் காய்ச்சல் கேஸ்கள்தான். ஆறு நாள் காய்ச்சல், உடம்புவலி, பிளேட்லெட் 60,000 என்று சொல்லி மாணவரைக் கேட்டால் ‘டெங்கு’ என்று உடனே பதில் வரும். பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அதே பிளேட்லெட் எண்ணிக்கையோடு ஸ்க்ரப் டைபஸும் வரும், லெப்டோவும் (எலிக்காய்ச்சல்) வரும், மலேரியாவும் வரும். அக்குளையும் தொடையிடுக்கையும் பார்த்திருந்தால் சிகரெட் சுட்ட புண் மாதிரி ஒரு கருத்த பொருக்கு, அதாவது ஸ்க்ரப் டைபஸின் அடையாளமான எஸ்கார், கண்ணில் பட்டிருக்கலாம். டாக்ஸிசைக்ளினை அன்றைக்கே தொடங்கியிருக்கலாம்.

அந்த மாணவர் ஏன் டெங்குவோடு நின்றுவிட்டார், எப்படிச் சொல்லிக்கொடுத்தால் அடுத்த முறை நிற்கமாட்டார் என்று முறையாகத் தேடுவதுதான் கிளினிக்கல் ரீசனிங் ஆய்வு. இதற்குப் பெரிய லேபோ பெரிய நிதியோ தேவையில்லை. உதவிப் பேராசிரியர்கள், பி.ஜி.க்கள், நர்சிங் கல்லூரி ஆசிரியர்கள் என யாரும் தங்கள் துறையிலேயே செய்யலாம். இந்தக் காய்ச்சல் உதாரணத்தையே கடைசிவரை வைத்துக்கொண்டு ஒவ்வொரு படியாகப் போவோம்.

ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தத் துறையில் ஓர் ஆய்வின் பலம் மாணவர்களின் எண்ணிக்கையைவிட கேஸ்களின் எண்ணிக்கையில்தான் அதிகம் இருக்கிறது. ஏன் என்பது முதல் படியிலேயே தெரியும்.

படி 1: ஐம்பது வருடக் கதையை முதலில் படியுங்கள்

1978-ல் ஆர்தர் எல்ஸ்டைன், லீ ஷுல்மன், சாரா ஸ்ப்ராஃப்கா மூவரும் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் பல வருடம் செய்த ஆய்வைப் புத்தகமாகக் கொண்டுவந்தார்கள். சிறந்த மருத்துவர்கள் யோசிக்கும் முறை மற்றவர்களுடையதிலிருந்து வேறுபட்டிருக்கும், அதைக் கண்டுபிடித்து மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்பது அன்றைய எதிர்பார்ப்பு. கிடைத்த விடை வேறு. அனுபவசாலியும் சரி, புதியவரும் சரி, நோயாளி பேசத் தொடங்கிய சற்று நேரத்திலேயே ஒருசில நோய்களை மனதில் கொண்டுவந்துவிடுகிறார்கள். வேறுபாடு, அப்படி மனதில் வரும் நோய்கள் சரியானவையா என்பதில்தான். ஒரு கேஸில் நன்றாகச் செய்தவர் அடுத்த கேஸிலும் நன்றாகச் செய்வார் என்று சொல்லவும் முடியவில்லை.

இந்த இரண்டாவது முடிவைத்தான் ‘கேஸ் ஸ்பெசிஃபிசிட்டி’ என்கிறார்கள். எந்த நோய்க்கும் பொருந்துகிற ‘யோசிக்கும் திறமை’ என்று தனியாக ஒன்று இருப்பதாகத் தெரியவில்லை. காய்ச்சலில் கெட்டிக்காரர் மூச்சுத்திணறலில் தடுமாறலாம். பேஷண்ட் மேனேஜ்மென்ட் ப்ராப்ளம் என்ற நீண்ட எழுத்துத் தேர்வுகள் அன்று பிரபலம். ஒரு தேர்வு நேரத்துக்குள் சில கேஸ்களே அடங்கும் என்பதால் அவற்றின் மதிப்பெண்ணை நம்ப முடியாமல் போய், அவை மெல்ல வழக்கொழிந்தன.

அடுத்த கட்டம், அறிவு மூளையில் எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்ற கேள்வி. 1984-ல் ஃபெல்டோவிச்சும் பாரோஸும் ‘இல்னெஸ் ஸ்க்ரிப்ட்’ என்ற கருத்தை முன்வைத்தார்கள். 1990-ல் ஷ்மிட், நார்மன், போஷுய்சன் அதை விரிவாக்கினார்கள். படிக்கும்போது உடலியக்க அறிவாக இருப்பது, நோயாளிகளைப் பார்க்கப் பார்க்க ஒவ்வொரு நோய்க்கும் ஒரு சுருக்கமான சித்திரமாகச் சேர்ந்துவிடுகிறது: யாருக்கு வரும், எப்படித் தொடங்கும், என்னென்ன தெரியும்.

அப்புறம் வந்தது, வேகமான சிந்தனை, நிதானமான சிந்தனை என்ற இருவழிக் கோட்பாடு. இங்கே ஒரு பெரிய விவாதம் இன்றும் நடக்கிறது. பாட் க்ரோஸ்கெரி போன்றவர்கள், தவறுகளுக்கு மனச்சாய்வுகள் (முதலில் தோன்றியதையே பிடித்துக்கொள்வது போன்ற சிந்தனைப் பழக்கங்கள்) முக்கியக் காரணம், அவற்றை மாணவர்களுக்கு அறிமுகப்படுத்தினால் தவறு குறையும் என்கிறார்கள். ஜெஃப்ரி நார்மனும் அவருடைய சகாக்களும் 2017-ல் எழுதிய கட்டுரையில், பெரும்பாலான தவறுகளுக்கு அறிவுக் குறைபாடே காரணம், சாய்வுகளின் பெயரைச் சொல்லிக்கொடுப்பதால் பயன் இருப்பதாகச் சான்று இல்லை என்று வாதிட்டார்கள். என் பார்வையில் நார்மன் பக்கத்துச் சான்றுதான் வலுவானது. ஆகவே சாய்வுகளைப் பட்டியல் போட்டு ஒரு வகுப்பு எடுத்துவிட்டு, மாணவர்களுக்கு அந்தப் பெயர்கள் ஞாபகம் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வில் இறங்காதீர்கள். பெயர் தெரிவதும் நோயாளி முன்னால் நின்று யோசிப்பதும் வேறு வேறு.

படி 2: கேள்வியைச் சுருக்குங்கள்

‘மாணவர்களின் கிளினிக்கல் ரீசனிங்கை மேம்படுத்துதல்’ என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. மெரெடித் யங்கும் குழுவினரும் 2019-ல் வெளியிட்ட கட்டுரையில், கிளினிக்கல் ரீசனிங் பற்றிய எழுத்துகளில் 110 வெவ்வேறு சொற்கள் புழங்குவதைக் காட்டினார்கள். நோய்களை ஊகிப்பது, தகவல் திரட்டுவது, பிரச்சினையை ஒரே வாக்கியத்தில் தொகுப்பது, முடிவுக்கு வருவது, சிகிச்சையைத் தீர்மானிப்பது எல்லாமே இதற்குள் வருகின்றன. இவற்றில் எது உங்களுடையது என்று முதலிலேயே எழுதிவையுங்கள்.

நர்சிங் ஆசிரியர்கள் நோயின் பெயரைச் சுற்றிக் கேள்வியை அமைக்க வேண்டியதில்லை. நோயாளியின் நிலை மோசமாவதை எப்போது உணர்கிறார்கள், எந்தத் தகவலை வைத்து டாக்டரைக் கூப்பிடுகிறார்கள் என்பது நல்ல கேள்வி.

நம் காய்ச்சல் உதாரணத்துக்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. சில்வியா மமேடியும் குழுவினரும் நெதர்லாந்தில் செய்து 2010-ல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வு அது. முதல் ஆண்டு ரெசிடென்ட்கள் (மேற்படிப்புப் பயிற்சி மருத்துவர்கள்) 18 பேர், இரண்டாம் ஆண்டினர் 18 பேர். முதலில் ஆறு கேஸ்களைக் கொடுத்து, அவற்றுக்குச் சொல்லப்பட்ட நோயறிதல் எவ்வளவு பொருந்துகிறது என்று கேட்டார்கள். பிறகு எட்டுப் புதிய கேஸ்கள். அவற்றில் பாதி, முன்பு பார்த்தவை போலவே தோன்றும், ஆனால் வேறு நோய். இரண்டாம் ஆண்டினர் முன்பு பார்த்த நோயின் பெயரைத் தவறாகச் சொல்வது கூடியது. முதல் ஆண்டினரிடம் அப்படி இல்லை. அதே கேஸ்களை முறைப்படி மறுபரிசீலனை செய்யச் சொன்னபோது சரியான பதில்கள் கூடின. அனுபவம் கொஞ்சம் சேரும்போதுதான் இந்தத் தவறு எட்டிப்பார்க்கிறது என்பது என்னை மிகவும் யோசிக்கவைத்த முடிவு. நம் ஹவுஸ் சர்ஜன்களும் பி.ஜி.க்களும் இருக்கும் கட்டம் அதுதான்.

ஆக, நம் கேள்வி: ‘டெங்கு சீசனில் மெடிசின் போஸ்டிங் முடித்த ஹவுஸ் சர்ஜன்கள், டெங்கு போலத் தோன்றும் மற்ற காய்ச்சல்களை டெங்கு என்று தவறாகச் சொல்வது, அந்தப் போஸ்டிங்குக்கு இன்னும் போகாதவர்களைவிட அதிகமா? முறையான மறுபரிசீலனை அதைக் குறைக்கிறதா?’ இதில் யார், எந்தச் சூழல், எதை அளக்கிறோம், எதோடு ஒப்பிடுகிறோம் என்ற நான்கும் இருக்கின்றன.

படி 3: அளவுகோலைத் தேர்ந்தெடுங்கள்

2019-ல் மிஷெல் டேனியலும் குழுவினரும் அகாடமிக் மெடிசின் இதழில் இருபது மதிப்பீட்டு முறைகளை ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். எந்த முறையும் எல்லாவற்றையும் அளக்காது. ஹிஸ்டரி எடுப்பதைப் பார்க்க வேண்டுமானால் ஆஸ்கி (பல நிலையங்களில் சுற்றிவந்து செய்துகாட்டும் தேர்வு) நல்லது. தீர்மானமான திருப்பங்களில் மட்டும் கேள்வி கேட்பது கீ ஃபீச்சர் தேர்வு. கனடா மருத்துவக் கவுன்சில் தன் உரிமத் தேர்வில் பயன்படுத்திய முறை இது.

ஸ்க்ரிப்ட் கன்கார்டன்ஸ் டெஸ்ட் இப்போது பலரும் நாடுவது. மாண்ட்ரியலைச் சேர்ந்த பெர்னார் ஷார்லினும் குழுவினரும் உருவாக்கியது. ‘நீங்கள் டெங்கு என்று நினைக்கிறீர்கள், வெள்ளையணு 14,000 என்று தெரியவருகிறது, இப்போது டெங்குவின் வாய்ப்பு கூடுகிறதா, குறைகிறதா?’ என்று கேட்டு, –2 முதல் +2 வரை குறிக்கச் சொல்வார்கள். ஒரு நிபுணர் குழுவின் பதில்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதே மதிப்பெண். யோசனை அழகானது. ஆனால் 2013-ல் லைன்பெர்ரி, க்ரைட்டர், போர்டாஜ் மூவரும் இதன் மதிப்பெண் முறையில் கடுமையான குறைகளைச் சுட்டிக்காட்டினார்கள். கோடியில் உள்ள –2, +2 பக்கமே போகாமல் நடுவிலேயே குறிப்பவருக்கு அனுகூலம் கிடைத்துவிடுகிறது. முதல் ஆய்வுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

நம் கேள்விக்குப் பொருத்தமானது, அரைப் பக்கக் கேஸ் விவரமும் கீழே பதில் எழுத வெறும் கோடும். எம்.சி.க்யூ. வேண்டாம். ஸ்க்ரப் டைபஸ் என்ற பெயரைப் பட்டியலில் பார்த்தவுடனே அது ஞாபகத்துக்கு வந்துவிடும். வார்டில் யாரும் நான்கு விடைகளை எடுத்து நீட்டுவதில்லை.

படி 4: கேஸ்களை எழுதுங்கள்

அதிக நாள் செலவிட வேண்டிய இடம் இதுதான். கற்பனையாக எழுதாதீர்கள், பழைய கேஸ் ஷீட்டுகளிலிருந்து எடுங்கள். புத்தகத்தைப் பார்த்து எழுதிய கேஸில் எல்லா அறிகுறியும் ஒழுங்காக வந்து நிற்கும். உண்மையான நோயாளியிடம் ஒன்றிரண்டு பொருந்தாமல் இருக்கும், அந்த முரண்தான் யோசிக்கவைக்கும்.

சரியான விடை என்ன என்பதை யூனிட் சீஃபின் அபிப்பிராயத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. டெங்குவுக்கு ஆரம்ப நாட்களில் என்.எஸ்.1, மலேரியாவுக்கு ஸ்மியர், டைஃபாய்டுக்கு ரத்த கல்ச்சர், ஸ்க்ரப் டைபஸுக்கு ஐ.ஜி.எம். எலைசா அல்லது பி.சி.ஆர்., அதோடு டாக்ஸிசைக்ளின் கொடுத்து இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிய விவரம் என்று உறுதியானவற்றை மட்டும் எடுங்கள். ஒற்றை வைடால் ரத்தப் பரிசோதனையை நம்பி டைஃபாய்டு கேஸ் எழுதினால் ஆய்வின் அடித்தளமே ஆடும். ஸ்க்ரப்புக்குச் செய்யும் வெயில்-ஃபெலிக்ஸ் பரிசோதனையும் அப்படித்தான்.

டெங்கு போலத் தோன்ற வேண்டும், ஆனால் பிரித்தறிய ஆதாரமும் கேஸுக்குள்ளேயே இருக்க வேண்டும். ஸ்க்ரப் டைபஸில் வெள்ளையணு இயல்பாகவோ கூடியோ இருக்கும். டெங்குவில் குறைந்திருப்பது வழக்கம். டெங்குவில் ஹிமடோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறும். லெப்டோவில் கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, கிரியாட்டினின் ஏற்றம், தேங்கிய நீரில் நின்று வேலை செய்த விவரம். எஸ்கார் பற்றி மட்டும் தனியாக முடிவெடுங்கள். ‘தொடையிடுக்கில் கருத்த பொருக்கு’ என்று எழுதிவிட்டால் கேஸ் சப்பென்று ஆகிவிடும். எல்லாரும் சரியாகச் சொல்வார்கள். அதை விட்டுவிட்டு மற்றத் தடயங்களை வைப்பது மேல். எஸ்கார் எல்லா நோயாளியிடமும் கிடைப்பதில்லை என்பதால் அது பொய்யும் ஆகாது.

நோயாளி பேசியதைத் தமிழில் அவர் சொன்னபடியே வையுங்கள். நோயாளியின் பேச்சை மருத்துவச் சுருக்கமாக மாற்றுவதே சிந்தனையின் முதல் வேலை. அதை நீங்களே முடித்து ஆங்கிலத்தில் கொடுத்துவிட்டால் மாணவர் செய்வதற்குப் பாதிதான் மிஞ்சும். ‘ஒரு வாரமா மேலெல்லாம் அடிச்சுப் போட்ட மாதிரி வலி, ராத்திரியானா குளிர் தூக்குது’ என்று இருக்கட்டும்.

எத்தனை கேஸ்? இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு மாணவரின் ஒரு கேஸ் மதிப்பெண்ணுக்கும் இன்னொரு கேஸ் மதிப்பெண்ணுக்கும் உள்ள தொடர்பு பொதுவாகக் குறைவு, 0.2 என்று வைத்துக்கொள்வோம். கேஸ்கள் கூடும்போது மதிப்பெண்ணின் நம்பகத்தன்மை எவ்வளவு கூடும் என்று சொல்லும் ஸ்பியர்மேன்-ப்ரவுன் சூத்திரத்தில் போட்டால் 8 கேஸுக்கு நம்பகத்தன்மை 0.67, 10-க்கு 0.71, 16-க்கு 0.80. தனி மாணவரைப் பற்றி ஏதாவது சொல்ல விரும்பினால் 16-க்குக் கீழே போகாதீர்கள். இரண்டு குழுக்களை ஒப்பிட மட்டும் என்றால் எட்டு, பத்து போதும். இரண்டே கேஸை வைத்து ஒரு கற்பித்தல் முறை வென்றது என்று எழுதும் கட்டுரைகளை இனி வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

எழுதிய கேஸ்களை, ஆய்வில் சேராத நான்கைந்து பி.ஜி.க்களிடம் கொடுத்து உரக்க யோசித்தபடி விடை சொல்லச் சொல்லுங்கள். எல்லாரும் சரியாகச் சொல்வதையும் எல்லாரும் தவறவிடுவதையும் நீக்குங்கள். பத்து வேண்டுமானால் குறைந்தது பதினைந்து எழுத வேண்டியிருக்கும்.

படி 5: ஒப்பீட்டை அமையுங்கள்

நம் ஊர் ஆய்வுகளில் அதிகம் காண்பது இது: முன்தேர்வு, ஒரு வகுப்பு, பின்தேர்வு, மதிப்பெண் கூடியது. கூடாமல் என்ன செய்யும்? அந்த ஒரு மணி நேரம் புத்தகத்தைக் கொடுத்து உட்காரவைத்திருந்தாலும் கூடியிருக்கும். ஒப்பீட்டுக் குழு இருந்தே ஆக வேண்டும், அவர்களுக்கும் அதே அளவு நேரம் கொடுக்க வேண்டும்.

நம் ஆய்வில், போஸ்டிங் முடித்தவர், முடிக்காதவர் என்ற முதல் ஒப்பீடு இயல்பாக அமைவது. குலுக்கிப் போட முடியாது. அதனால் இரு தரப்பின் ஃபைனல் இயர் மெடிசின் மதிப்பெண்ணையும் எழுதிவைத்து, ஒத்திருக்கிறதா என்று காட்டுங்கள். பிறகு ஒவ்வொரு தரப்பையும் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பாதி, கேஸைப் படித்து முதலில் தோன்றுவதை எழுதிவிட்டு, மீதி நேரத்தில் அதே காய்ச்சல்களைப் பற்றிய பாடக்குறிப்பை வாசிக்கட்டும். மறுபாதி மமேடியின் முறையைப் பின்பற்றட்டும்: முதலில் தோன்றிய நோயை எழுதுவது, அதற்கு ஆதரவான தகவல்கள், எதிரானவை, அந்த நோயாக இருந்தால் இருந்திருக்க வேண்டியும் இல்லாதவை என்று தனித்தனியாகப் பிரிப்பது, வேறு எந்த நோயாக இருக்கலாம் என்று யோசித்து அதற்கும் இதையே செய்வது, கடைசியில் வரிசைப்படுத்துவது. ‘இருந்திருக்க வேண்டியும் இல்லாதவை’ என்ற பத்திதான் பெரும்பாலும் வெறுமையாக வரும். அதைக் கட்டாயமாக்குங்கள்.

ஒரு வாரம் கழித்து, அதே நோய்கள் கொண்ட புதிய கேஸ்களோடு இன்னொரு தேர்வும் வையுங்கள். கற்றது தங்கியதா என்பது அதில்தான் தெரியும்.

படி 6: எத்திக்ஸ் கமிட்டி

தொடங்கும் முன்பே அனுமதி வாங்க வேண்டும். முடித்துவிட்டுக் கேட்டால் கிடைக்காது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டி நெறிமுறைகளின்படி, அதிகாரத்துக்குக் கீழ்ப்பட்ட நிலையில் இருக்கும் மாணவர்களுக்குக் கூடுதல் பாதுகாப்பு தேவை. உங்களிடம் போஸ்டிங்கில் இருக்கும் ஹவுஸ் சர்ஜன் உங்கள் முகத்தைப் பார்த்து மறுக்க மாட்டார். ஆகவே சம்மதப் படிவத்தை வேறு துறையைச் சேர்ந்த ஒருவர் வாங்கட்டும். பங்கெடுத்தாரா இல்லையா என்பதும் மதிப்பெண்ணும் கம்ப்ளீஷன் சான்றிதழைப் பாதிக்காது என்று எழுத்தில் கொடுங்கள், அதன்படி நடந்துகொள்ளுங்கள். கேஸ் ஷீட்டுகளைப் பயன்படுத்தத் தனியாக அனுமதி கேளுங்கள், பெயர், ஐ.பி. எண், ஊர், தேதி எல்லாவற்றையும் நீக்குங்கள்.

படி 7: தேர்வு நடத்துதல்

எல்லாக் குழுவுக்கும் ஒரே நாள், ஒரே அறை முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் அடுத்தடுத்த நேரத்தில் நடத்தி, முதல் குழு வெளியே வருவதற்குள் இரண்டாவதை உள்ளே அனுப்புங்கள். ஹாஸ்டலில் இரவே எல்லாம் பரவிவிடும். கேஸ்களின் வரிசையை ஒவ்வொருவருக்கும் மாற்றுங்கள். கைப்பேசி வேண்டாம். நைட் டியூட்டி முடித்து வருகிறவர்களை அன்று உட்காரவைக்காதீர்கள்.

சிலரிடம் மட்டும் உரக்க யோசிக்கச் சொல்லிப் பதிவு செய்வது ஆய்வுக்கு ஆழம் தரும். எரிக்ஸனும் சைமனும் 1980-களில் வகுத்த விதி இன்றும் நல்லது: மனதில் ஓடுவதை அப்படியே சொல்லச் சொல்லுங்கள், ‘ஏன்’ என்று இடையில் கேட்காதீர்கள். கேட்டால் அவர் காரணம் ஜோடிக்கத் தொடங்கிவிடுவார். தமிழும் ஆங்கிலமும் கலந்து பேசினால் பேசட்டும், அப்படியே எழுத்தில் இறக்குங்கள். பார்த்த மாத்திரத்தில் சட்டென்று அடையாளம் கண்ட கேஸ்களில் இந்த முறைக்கு அதிகம் அகப்படாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 8: திருத்துதல், கணக்கிடுதல்

விடைகளைப் பார்க்கும் முன்பே திருத்தும் விதியை எழுதுங்கள். சரி 1, ஓரளவு சரி 0.5, தவறு 0. ஸ்க்ரப் கேஸுக்கு ‘ரிக்கெட்சியா காய்ச்சல்’ என்று பொதுவாக எழுதினால் எவ்வளவு? ‘டெங்கு அல்லது ஸ்க்ரப்’ என்றால்? இதெல்லாம் முதலிலேயே தீர்மானமாக வேண்டும். எந்தக் குழுவின் தாள் என்று தெரியாமல் இருவர் தனித்தனியாகத் திருத்தி, ஒத்துப்போகும் அளவைக் கப்பா மதிப்பாக (தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துக் கணக்கிடுவது) கொடுங்கள்.

புள்ளியியலில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 60 பேர் எட்டு கேஸ் எழுதினால் 480 தனித்தனி விடைகள் கிடைத்துவிட்டதாக எண்ணி டி-டெஸ்ட் போடக் கூடாது. ஒரே ஆளின் எட்டு விடைகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஒரே கேஸுக்கு வந்த 60 விடைகளும் அப்படியே. மாணவரையும் கேஸையும் சேர்த்தே கணக்கில் எடுக்கும் மிக்ஸ்டு மாடல் வேண்டும். கல்லூரியின் பயோஸ்டாட் ஆசிரியரை ஐந்தாம் படியிலேயே அணுகினால் இதைச் சரியாகத் திட்டமிடலாம். பி மதிப்பை மட்டும் தராமல், வித்தியாசம் எவ்வளவு, அதன் நம்பிக்கை எல்லை எவ்வளவு என்று கொடுங்கள். கேஸ் வாரியான அட்டவணையும் அவசியம். மறுபரிசீலனை லெப்டோவில் உதவி, ஸ்க்ரப்பில் உதவாமல் போனால், அந்த நோயைப் பற்றிய அறிவே இல்லை என்று பொருள் இருக்கலாம். இல்லாத அறிவை எவ்வளவு நேரம் யோசித்தாலும் எடுக்க முடியாது.

படி 9: எழுதி அனுப்புதல்

‘கிளினிக்கல் ரீசனிங் மேம்பட்டது’ என்று எழுதாதீர்கள். ‘இந்தப் பத்துக் காய்ச்சல் கேஸ்களில், எழுத்துத் தேர்வில், சரியான நோயறிதல் இவ்வளவு கூடியது’ என்பதே நீங்கள் கண்டது. வித்தியாசம் ஒன்றும் இல்லை என்று வந்தாலும் அனுப்புங்கள். நன்றாக வடிவமைத்த ஆய்வின் ‘இல்லை’ என்ற விடைக்கும் மதிப்பு உண்டு. உலக அளவில் மெடிக்கல் எஜுகேஷன், அகாடமிக் மெடிசின், டயக்னோசிஸ் போன்ற இதழ்கள் இருக்கின்றன. நமக்குப் பக்கத்தில் தி நேஷனல் மெடிக்கல் ஜர்னல் ஆஃப் இந்தியாவும், தென்கிழக்கு ஆசிய மருத்துவக் கல்வி இதழும் உள்ளன. அனுப்பும் முன் கட்டணம் உண்டா என்று பாருங்கள்.

தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் வேலூர் சி.எம்.சி., சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா ஆகியவற்றில் உள்ள மருத்துவக் கல்விப் பயிற்சி மையங்களையோ, கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி.யில் மருத்துவ ஆசிரியர்களுக்காக நடக்கும் ஃபைமர் பயிற்சித் திட்டத்தையோ அணுகலாம். ஃபைமர் திட்டத்தில் சேருபவர்கள் தங்கள் கல்லூரியில் ஒரு கல்வித் திட்டப்பணியைச் செய்தாக வேண்டும் என்பதால், மேலே சொன்ன திட்டத்தையே அங்கே கொண்டுபோய் மற்றவர்களின் கேள்விகளுக்கு உட்படுத்தலாம்.

கேஸ்களைக் கட்டுரையில் முழுமையாக அச்சிட வேண்டாம். அச்சானால் மாணவர்கள் கையில் கிடைத்து அடுத்த ஆய்வுக்கு உதவாமல் போகும். கேட்கும் ஆசிரியர்களுக்குத் தருவதாக எழுதி, லேப் முடிவுகளோடும் திருத்தும் விதியோடும் ஒரு கோப்பாகத் துறையில் வையுங்கள். திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ ஒருவர் அதே பத்துக் கேஸ்களைத் தம் மாணவர்களிடம் அடுத்த மழைக்காலத்தில் கொடுத்துப் பார்க்க அந்தக் கோப்பு போதும்.